ஒரு தாய் கேட்ட கணக்கு

போர்க்களத்தில் பகைவனின் கையால் வீழ்வதற்கு உலகத்து மொழிகள் யாவும் பெயர் வைத்திருக்கின்றன. தன் அணியில் நிற்பவனின் கையால் வீழ்வதற்குப் பெயர் தேடுவதே பெரும்பாடாக இருக்கின்றது. ஆங்கிலம் பேசுவோர் அதனை 'ஃபிரெண்ட்லி ஃபயர்' என்பர். நேசத்தார் பக்கமிருந்து வந்த நெருப்பு என்பது அதன் பொருள். இத்தொடரை முதன்முதலாகக் கேட்ட நம் மாணவர் ஒருவர், "அஃதென்ன உஸ்தாத், நெருப்பில் நேசம்?" என்று வினவினார். அமெரிக்க இராணுவத்தின் ஏடுகளில் இதற்கு வேறொரு சொல்லும் வழங்குகின்றது. 'ஃபிராட்ரிசைட்' என்னும் அச்சொல் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. உடன்பிறந்தானைக் கொல்லுதல் என்று பொருள்படுவது. முன்னையதைவிட இது நேர்மையான சொல் என்றே நமக்குப் படுகின்றது. நாம் இங்கு எழுதப் புகும் வரலாற்றில், இறந்தவனின் உடன்பிறந்த தம்பியே அதே அணிவகுப்பின் கடைசி வண்டியில் வந்துகொண்டிருந்தான் என்பதை எண்ணும்போது அச்சொல்லின் கனம் இன்னும் கூடுகின்றது.

இத்தகைய சாவு அரிதானதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகத்தார் தலைமேல் வைத்துக் கொண்டாடிய தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன், 1863-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இரவு சான்சலர்ஸ்வில் களத்தில் தம் படையினராலேயே சுடப்பட்டு எட்டாம் நாள் மாண்டார். 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் களத்தில் மடிந்த அமெரிக்கர் 148 பேர். அவர்களுள் 35 பேர் தம்மவர் குண்டுக்கே இரையானவர்கள். எனவே தவறு நேர்ந்தது என்பதில் வியப்பில்லை. நேர்ந்த தவற்றை என்ன செய்தார்கள் என்பதே நம் கட்டுரைக்குப் பொருள்.

பாட்ரிக் டில்மன் கலிபோர்னியா மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் பிறந்தவர். பாட் என்றே எல்லாரும் அழைத்தனர். தம்பியர் இருவர், கெவின் என்றும் ரிச்சர்ட் என்றும் பெயர். பாட் ஆடியது நம் ஊர்க் கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மோதிச் சாய்ப்பதுமான அமெரிக்கப் பந்தாட்டம். அந்நாட்டில் அவ்வாட்டக்காரருக்குக் கிடைக்கும் பணமும் புகழும் நம் பக்கத்துத் திரைப்பட நடிகருக்குக் கிடைப்பதற்கு ஒப்பானவை. அரிசோனா மாநிலத்தின் 'கார்டினல்ஸ்' அணி 1998-இல் அவரை எடுத்துக்கொண்டது. வேறோர் அணி பெருந்தொகை தருவதாக அழைத்தபோது, தம்மை முதலில் நம்பி எடுத்த அணியை விட்டுப் போக மாட்டேன் என்று மறுத்தவர் அவர்.

2001 செப்டம்பர் 11-இன் தாக்குதலுக்குப் பின், 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்றாண்டுக்கு முப்பத்தாறு இலட்சம் டாலர் என்ற ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு, தம்பி கெவினோடு சாதாரணச் சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அப்போதுதான் மணமாகியிருந்தது. செய்தியாளர்கள் மொய்த்தனர், பேட்டி எதற்கும் அவர் இசையவில்லை. நாட்டுக்காகச் செல்வத்தைத் துறந்த வீரர் என்று நாடு அவரைப் போற்றியது. தம்மை விளம்பரப் பொருளாக்க அவர் இடம் கொடுக்கவில்லை என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வருவதற்கு இது இன்றியமையாதது.

சகோதரர் இருவரும் ரேஞ்சர் எனப்படும் சிறப்புப் படையில் தேர்ந்து, 2003-இல் இராக்குக்கும் அடுத்த ஆண்டு ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டனர்.

2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 22. ஆப்கானிஸ்தானின் கிழக்கே, பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கோஸ்த் மாகாணம். மலையும் வறண்ட பள்ளத்தாக்குமான நிலம். அங்கே ஒரு படைப்பிரிவு ஊர் ஊராகத் தேடுதல் நடத்திக்கொண்டிருந்தது. அவர்களுடைய இராணுவ வண்டி ஒன்று பழுதாயிற்று. அதனை இழுத்துச் செல்ல வழியின்றிப் பல மணி நேரம் ஒரே ஊரில் தங்க வேண்டியதாயிற்று. தூக்கிச் செல்ல ஹெலிகாப்டரும் கிடைக்கவில்லை. இறுதியில் உள்ளூர் லாரிக்காரர் ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊரில் படை கால் வைத்தாக வேண்டும் என்பது தொலைவில் முகாமில் இருந்தோரின் கட்டளை. அதற்காகப் படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முன்னே செல்லட்டும், மறுபாதி பழுதான வண்டியோடு வேறு வழியில் போகட்டும் என்று உத்தரவு வந்தது. களத்திலிருந்த இளம் தலைவர், பிரிப்பது தகாது என்று மறுத்துச் சொன்னார். கேட்பார் இல்லை. கட்டளை கட்டளையே ஆயிற்று.

பாட் முன்னே சென்ற பாதியில் இருந்தார். கெவின் பின்பாதியில் இருந்தார். பின்பாதிக்குக் குறித்த வழி லாரி செல்லத் தகாதது என்று தெரியவே, அவர்களும் திரும்பி முன்னவர் சென்ற அதே குறுகிய கணவாய்க்குள் நுழைந்தனர். மலையின் மறைவால் வானொலிக் கருவி வழியே இச்செய்தி முன்னவருக்கு எட்டவில்லை. கணவாய்க்குள் அவர்கள் தாக்கப்பட்டனர். வெடிச் சத்தம் கேட்ட முன்பாதியினர் உதவிக்குத் திரும்பினர். பாட்டும், இன்னும் இருபது வயதை எட்டாத சிப்பாய் ஒருவரும், அமெரிக்கருக்குத் துணையாக வந்த ஆப்கானிய வீரர் ஒருவரும் ஒரு மேட்டின் மேல் நிலைகொண்டு, எதிர்மலையில் இருந்த பகைவரை நோக்கிச் சுட்டனர்.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. கணவாயிலிருந்து வெளிப்பட்ட முதல் வண்டியில் இருந்தோருக்குத் தம்மவர் மேட்டில் இருப்பது தெரியாது. அவர்கள் கண்ணிற்பட்டவர் அந்த ஆப்கானியர். தாடி வைத்த முகம், கையில் ரஷ்ய வகைத் துப்பாக்கி. அவர் சுட்டது வண்டிகளுக்கு மேலாக எதிர்மலையை நோக்கி. வண்டியின் தலைவருக்கோ தம்மையே சுடுவதாகத் தோன்றிற்று. அவர் சுட்டார், ஆப்கானியர் வீழ்ந்தார். தலைவர் எங்குச் சுடுகின்றாரோ அங்கேயே ஏனையோரும் சுட்டனர். படைப் பயிற்சி அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது அதுதான். பாட் கைகளை வீசிக் கத்தினார். தம்மவர் என்று காட்டப் புகைக்குண்டு ஒன்றை வீசினார். சூடு நின்றது. ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி எழுந்தார். வண்டி சற்று நகர்ந்து மீண்டும் சுட்டது. தம் பெயரைச் சொல்லிச் சொல்லி அவர் கூவியதாக, அருகே கிடந்து பிழைத்த அந்த இளஞ்சிப்பாய் பின்னர்ச் சாட்சியம் சொன்னார். நெற்றியில் மூன்று குண்டுகள். வண்டி அத்துடன் நிற்காமல் மேலும் சென்று, ஊரோரத்தில் இருந்த வேறிருவரையும் காயப்படுத்தியது. அவ்விருவருள் ஒருவர், படையைப் பிரிக்க வேண்டாம் என்று மறுத்த அதே இளந்தலைவர்.

இதுவரை நடந்ததனைத்தும் தவறு. அவசரமும் அரையிருளும் அச்சமும் கூடி விளைவித்த தவறு. இதற்குப் பின் நடந்தவற்றை அப்பெயரால் அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

தம்மவரே கொன்றுவிட்டனர் என்பது அன்றும் மறுநாளுமாகக் களத்தில் இருந்த பலருக்கும் தெரிந்துவிட்டது. மேலதிகாரிகளுக்கும் செய்தி ஏறிற்று. ஆயினும் கடைசி வண்டியில் வந்த தம்பிக்கு, அண்ணன் இறந்தான் என்பது மட்டுமே சொல்லப்பட்டது. பிழைத்த இளஞ்சிப்பாய்க்கு, கெவினிடம் வாய் திறவாதே என்று உத்தரவு. அண்ணனின் உடலோடு அத்தம்பி ஊர் திரும்பினார். யார் கையால் மாண்டார் என்பதை அறியாமலே திரும்பினார். இதற்குள் பாட் அணிந்திருந்த சீருடையும், குண்டு துளைக்காத மார்புக் கவசமும், அவர் எழுதி வந்த குறிப்பேடும் எரிக்கப்பட்டுவிட்டன. இறந்தவரின் உடைமைகளையும் தடயங்களையும் காக்க வேண்டும் என்பது படை விதி. உடலைப் பரிசோதித்த மருத்துவர்களுக்குச் சொல்லப்பட்ட கதையும் கண்ட காயமும் ஒத்துவரவில்லை. உடையோ வந்து சேரவில்லை. அவர்கள் ஐயம் எழுப்பினர். அவ்வையத்தை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்து வந்தது பதக்கம். அமெரிக்கப் படையில் வீரத்துக்கு வழங்கும் விருதுகளுள் மூன்றாம் நிலையில் உள்ளது 'சில்வர் ஸ்டார்'. பகைவரின் கடுஞ்சூட்டுக்கு நடுவே தோழர்களைக் காக்கப் போராடி மாண்டார் என்று படிப்போர் கொள்ளும்படி அதன் வாசகம் அமைக்கப்பட்டது. சான்றாக இணைத்த சாட்சியங்களுள் தம் பெயரில் இருந்தது தாம் எழுதியவாறு இல்லை, திருத்தப்பட்டிருக்கின்றது என்று அந்த இளஞ்சிப்பாய் பின்னாளில் கூறினார்.

பதக்கப் பரிந்துரைக்கு ஒப்புதல் தந்தவருள் ஒருவரான மேஜர் ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், ஏப்ரல் 29-ஆம் நாள் தம் மேலதிகாரிகளுக்கு அவசரக் கடிதம் ஒன்று அனுப்பினார். டில்மன் தம்மவர் குண்டால் இறந்திருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு. நாட்டுத் தலைவர்கள் இதையறியாமல் மேடையில் ஏதேனும் பேசி, பின்னர் உண்மை வெளிப்பட்டால் பொதுமக்கள் நடுவே தலைகுனிவு நேரும் என்பது அக்கடிதத்தின் கருத்து. ஆக, தலைவர்களை எச்சரிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கின்றது. பெற்றவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இரு நாள் கழித்து, மே 1-ஆம் நாள், வாஷிங்டனில் செய்தியாளர் விருந்தில் பேசிய ஜனாதிபதி புஷ் டில்மனைப் புகழ்ந்தார். அவர் எவ்வாறு இறந்தார் என்பதைப் பற்றிப் பேசவில்லை.

மே 3-ஆம் நாள் சான் ஹோசே நகரில் நினைவுக் கூட்டம். நாடெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. செனட்டர் ஜான் மெக்கெயின் போன்றோர் வந்திருந்தனர். வீரச்சாவின் கதையை ஒரு நண்பர் உருக்கமாகச் சொன்னார். பாவம், அவரிடம் தரப்பட்ட கதையை அவர் சொன்னார். உண்மை நிலையை ஓரளவு அறிந்திருந்த லெஃப்டினன்ட் ஜெனரல் ஃபிலிப் கென்சிங்கர் அக்கூட்டத்தில் குடும்பத்தாரோடு அமர்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை.

இத்தனை அவசரமாக ஒரு வீரக் கதை ஏன் தேவைப்பட்டது என்று வாசகர் வினவலாம். அந்த ஏப்ரல் மாதத்தை நினைவுகூர வேண்டும். இராக்கில் ஃபல்லூஜா நகரைச் சுற்றிப் பெரும் சண்டை. அமெரிக்கப் படைக்கு அதுவரை கண்டிராத இழப்பு. ஏப்ரல் 28-ஆம் நாள் அபூ குரைப் சிறையின் படங்கள் தொலைக்காட்சியில் வெளிவந்து, உலகமே முகம் சுளித்தது. அந்த வாரத்தில் மக்கள் முன் வைக்க நல்ல செய்தி ஒன்று வேண்டியிருந்தது. இதற்காகவே மறைத்தார்கள் என்று எந்த விசாரணையும் தீர்ப்பளிக்கவில்லை. ஆதலால் நாமும் அறுதியிட்டுச் சொல்லோம். ஓராண்டு முன்னர், 2003-இல், நாசிரிய்யா அருகே சிறைப்பட்ட ஜெசிகா லிஞ்ச் என்னும் இளம் பெண் சிப்பாய், குண்டு தீரும்வரை போராடினாள் என்று ஒரு கதை பரப்பப்பட்டது. தாம் ஒரு குண்டும் சுடவில்லை, துப்பாக்கி இயங்கவே இல்லை என்று அப்பெண்ணே எழுந்து மறுத்தார். இதனையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

மே மாத இறுதியில், ஐந்து வாரம் கழித்து, தம்மவர் குண்டே பாட்டைக் கொன்றிருக்கக்கூடும் என்று குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. விடுமுறை வார இறுதியான ஒரு சனிக்கிழமையன்று நாட்டுக்கும் அறிவிக்கப்பட்டது. விசாரணை முடியவில்லை என்பது தாமதத்துக்குச் சொன்ன காரணம். ஆனால் இத்தகைய ஐயம் எழுந்த உடனேயே, விசாரணை முடியக் காத்திராமல், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று படையின் விதியே கூறுகின்றது.

இங்கிருந்து இவ்வரலாறு ஒரு தாயின் வரலாறாக மாறுகின்றது.

மேரி டில்மன் அரசியல்வாதி அல்லர். அரசை எதிர்த்துக் கொடிபிடித்தவரும் அல்லர். கையில் வந்த விசாரணை ஏடுகளைப் படிக்க உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள். பெயர்கள் யாவும் மையால் அழிக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் அழித்த பெயரின் நீளத்தை அளந்து, மறுபக்கத்துச் செய்தியோடு பொருத்தி, இன்னார் சொன்னது இது, இன்னார் மறுத்தது இது என்று ஒன்றன் பின் ஒன்றாக இழை பிரித்தார். ஒரு சாட்சியே முதல் விசாரணையில் ஒன்றும் பின்னதில் வேறொன்றும் சொல்லியிருப்பதைக் கண்டார்.

நம் மதரஸாக்களில் ஹதீஸ் கலை பயின்றோருக்கு இவ்வேலை புதிதன்று. ஒரு செய்தி எவர் வாய்வழி எவரை அடைந்தது, இடையில் விடுபட்டவர் யார், ஒரே அறிவிப்பாளர் இருவேறாகச் சொன்னது எங்கே என்று சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதித்த முஹத்திஸ்களின் உழைப்பை நாம் படித்திருக்கின்றோம். அறிவிப்பில் உள்ள குறையை மறைத்து, சங்கிலி பழுதற்றது போல் தோன்றச் செய்வதற்குத் 'தத்லீஸ்' என்று அவர்கள் பெயரிட்டனர். அவ்வாறு செய்பவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டதாலேயே கேட்பவர் ஏமாறுவார். டில்மனின் பதக்க வாசகத்தைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்த சொல் அதுவே. பாட் துணிவாகவே போரிட்டார். தோழரைக் காக்கவே மேட்டில் ஏறினார். பகைவரும் அவ்விடத்தில் இருந்தனர். கொன்றவர் எவர் என்னும் ஒரு கண்ணி மட்டும் காணவில்லை.

இத்தாய்க்கு முன்னோடி ஒருவர் அந்நாட்டிலேயே உண்டு. ஐயோவா மாநிலத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்த பெக் முல்லன் என்பார். அவர் மகன் மைக்கேல் வியட்நாமில் 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் தம்மவர் பீரங்கிக் குண்டால் மாண்டான். பகைவரால் நேராத சாவு என்று வகைப்படுத்தியதால், போரில் மடிந்தோரின் தொகையில் அவன் பெயர் இடம்பெறவில்லை. பெற்றோர், மகனின் சாவுக்கு அரசு கொடுத்த பணத்தைக் கொண்டு, அம்மாநிலத்தில் மாண்ட வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை வீதம் அச்சிட்டு நாளிதழில் விளம்பரம் செய்தனர். அவர்கள் கதை 1976-இல் நூலாகவும் 1979-இல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுக்குப் பின் வேறொரு தாய் அதே கதவுகளைத் தட்டினார்.

விசாரணை மேல் விசாரணை நடந்தது. களத்துக்கு அருகிலிருந்த ஒரு கேப்டன் நடத்திய முதல் விசாரணை, அதன்பின் ஒரு லெஃப்டினன்ட் கர்னல் நடத்தியது, அதன்பின் பிரிகேடியர் ஜெனரல் கேரி ஜோன்ஸ் நடத்தியது. குடும்பத்தார் விடாது கேட்கவே பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரும் படையின் குற்றப் புலனாய்வுப் பிரிவும் நடத்திய விசாரணைகள். 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் இவை முடிந்தன. நான்கு ஜெனரல்கள் உட்பட ஒன்பது அதிகாரிகள் தவறிழைத்தனர் என்று தலைமை ஆய்வாளரின் அறிக்கை கூறியது. சுட்டதில் குற்றவியல் அலட்சியம் இல்லை என்று புலனாய்வுப் பிரிவு முடிவு கட்டியது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. களத்தில் இருந்த ரேஞ்சர்கள் சிலர்மீது நிர்வாக நடவடிக்கை மட்டும் முன்னரே எடுக்கப்பட்டிருந்தது. மேலே இருந்தோருள், ஓய்வுபெற்றுவிட்ட கென்சிங்கர், விசாரித்தோரையே தவறான வழியில் நடத்தினார் என்று அவ்வாண்டு ஜூலையில் கண்டிக்கப்பட்டார். மெக்கிரிஸ்டல்மீது நடவடிக்கை இல்லை. 2009-இல் அவரே ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளின் தலைவராக நியமிக்கப்பட்டார். அதற்கான செனட் விசாரணையின்போது, குடும்பத்தாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினோம் என்று வருத்தம் தெரிவித்தார்.

இரண்டாம் விசாரணையை நடத்திய லெஃப்டினன்ட் கர்னல் ரால்ஃப் கௌஸ்லரிச் கூறியதொன்றை இங்கே குறிக்காமல் செல்ல இயலவில்லை. இக்குடும்பத்தார் இதனை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அவர்களுடைய மத நம்பிக்கையின்மைதான், மறுமை என்றொன்று இல்லை என்போருக்கு மகனின் சாவை ஏற்பது கடினம் என்னும் பொருள்பட அவர் 2006-இல் விளையாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றிடம் பேசினார். பாட் மதச்சார்பு அற்றவர் என்பது மெய்யே. மறுமையை நம்புகின்ற நமக்கு இவ்வாதம் மற்றெவரையும்விட அதிகமாக வலிக்க வேண்டும். மறுமையில் கணக்கு உண்டு என்பதற்காக இம்மையில் கணக்குக் கேட்கலாகாது என்று எந்தச் சமயத்து அறிஞர் சொன்னார்? தாய் கேட்டது உயிரைத் திருப்பித் தரும்படியன்று. எப்படிப் போயிற்று என்று சொல்லும்படி கேட்டார்.

நம் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, கி.பி. 625-இல், உஹதுப் போர். ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை ஹுஸைல் முதியவர். யமான் என்பது அவருடைய மறுபெயர். பெண்டிரோடும் சிறுவரோடும் கோட்டையில் தங்க வைக்கப்பட்டிருந்தவர். அங்கு இருக்கப் பொறாமல், ஸாபித் இப்னு வக்ஷ் என்னும் மற்றொரு முதியவரோடு வாளேந்திக் களம் புகுந்தார். ஸாபித் பகைவரால் வீழ்ந்தார். அணிகள் கலைந்து குழம்பிய நேரத்தில், ஹுஸைலை இன்னாரென்று அறியாமல் முஸ்லிம்களே வெட்டினர். தூரத்திலிருந்து கண்ட மகன், அவர் என் தந்தை என்று கதறியும் பயனில்லாது போயிற்று. வெட்டியோர், தெரியாமல் செய்தோம் என்று அப்போதே ஒப்புக்கொண்டனர். அவர்களை இறைவன் மன்னிக்கட்டும் என்று மகன் வேண்டினார். பெருமானார் (ஸல்) அவர்கள் உயிரீட்டுத் தொகையான தியாவைக் கொடுக்க முன்வந்தார்கள். ஹுதைஃபா (ரலி) அதனை முஸ்லிம்களுக்கே தருமமாக விட்டுவிட்டார். ஃபிக்ஹு நூல்களில் 'கத்லுல் கதா', அதாவது தவறி நேர்ந்த கொலை, என்னும் பகுதியைப் பாடம் சொல்லும்போது நாம் இதனை எடுத்துக் கூறுவதுண்டு. தவறிக் கொன்றவனுக்குப் பழிக்குப் பழி இல்லை. ஆயினும் தியா உண்டு, கஃப்பாரா உண்டு. குற்றமில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது.

ஹுதைஃபா (ரலி) அவர்களால் மன்னிக்க இயன்றது. நடந்தது இன்னதென்று அவர் அறிந்திருந்தார். மேரி டில்மனிடம் மன்னிப்புக் கோரி முதல் நாளே எவரேனும் வந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் பல முறை எண்ணியதுண்டு.

பொதுமக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் கண்ணீர். அரங்குகளுக்கும் சாலைகளுக்கும் அவர் பெயர். அவருடைய அணி 40 என்ற எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. உண்மை வெளிவந்த பின் அதே மக்கள் இரு கூறாயினர். போரை ஆதரித்தோர், அவர் தியாகி, இறந்த விதத்தைக் கிளறுவது அவர் நினைவுக்கு இழுக்கு என்றனர். போரை எதிர்த்தோர், இராக்குப் போர் முறையற்றது என்று அவர் நண்பரிடம் கூறியதாக வெளிவந்த செய்தியைப் பற்றிக்கொண்டு, அவர் எம்மவர் என்றனர். படையில் சேர்ந்தபின் ஒரு பேட்டிக்கும் இசையாத மனிதரை இரு திறத்தாரும் தத்தம் கொடிக்குத் துணியாக்கிக்கொண்டனர். செய்தித்தாள்களைப் பாராட்டவும் வேண்டும். 2004 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஏடுகளைத் தேடிப் பிடித்து விரிவாக எழுதியிராவிட்டால் குடும்பத்தாரின் குரல் இத்துணைத் தூரம் எட்டியிராது.

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ஹென்றி வாக்ஸ்மன் தலைமையில் அமெரிக்க மக்களவைக் குழு கூடியது. மேரி பேசினார். கெவின் பேசினார். ஜெசிகா லிஞ்சும் வந்து தம் கதையின் மெய்யைச் சொன்னார். மேட்டின் மேல் பாட்டின் அருகே பிழைத்த சிப்பாயும், அப்போது அவர் பக்குவப்பட்ட வீரர், சீருடையோடு வந்து சாட்சியம் அளித்தார். கெவினுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று துடித்ததையும் தடுக்கப்பட்டதையும் அவர் சபையறியச் சொன்னபோது, அந்தச் சகோதரர் அதே மன்றத்தில் இருந்தார்.

ஆகஸ்ட் 1-ஆம் நாள் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும், மையர்ஸ், அபிசைத், பிரவுன் ஆகிய ஜெனரல்களும் அதே குழுவின் முன் அமர்ந்தனர். டில்மன் தம்மவர் குண்டால் மாண்டார் என்பதை எப்போது அறிந்தீர், எவர் சொல்லி அறிந்தீர், ஜனாதிபதிக்குச் சொன்னீரா என்பன கேள்விகள். அமைச்சருக்கு நினைவில்லை. ஜெனரல்களுக்கும் பலவற்றில் நினைவு தெளிவாக இல்லை. படையெடுப்புகளின் நாளையும் நாழிகையையும் விரல் நுனியில் வைத்திருந்த பெரியோர்க்கு, நாடே பேசிய ஒரு வீரரின் சாவு எப்போது காதில் விழுந்தது என்பது மட்டும் மறந்துபோயிற்று. 2008 ஜூலையில் குழு வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய எல்லாருக்கும் ஏற்பட்ட இந்த மறதியே தன் ஆய்வைத் தடுத்தது என்று எழுதி வைத்தது.

மேரி 2008-இல் தாம் கண்டதை நூலாக எழுதினார். 2010-இல் ஒரு செய்திப்படம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், அரிசோனாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே, ஹூவர் அணையை அடுத்து, கொலராடோ ஆற்றுக்கு மேல் மிக உயரத்தில் கட்டிய பாலம் திறக்கப்பட்டது. நெவாடாவின் ஆளுநர் ஒருவர் பெயரோடு பாட் டில்மன் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. பதக்கம் திரும்பப் பெறப்படவில்லை.

எழுதி முடிக்கும் இத்தருணத்தில் நம் மனம் மீண்டும் அந்த மேட்டுக்கே போகின்றது. அன்று மாலை அங்கே முதலில் வீழ்ந்தவர் பாட் அல்லர். அந்த ஆப்கானியரும் அமெரிக்கர் பக்கமே நின்றார். அவர்களுடைய வண்டிகளைக் காக்கவே சுட்டார். தாடியைக் கண்டு பகைவர் என்று கருதப்பட்டு அவர்கள் கையாலேயே மடிந்தார். பாட்டின் பொருட்டு ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டன. ஜெனரல்கள் மன்றத்தில் நின்றனர். அப்பக்கங்களைச் சுருக்கிச் சொன்ன செய்திகள் பெரும்பாலானவற்றில் அவர் 'ஓர் ஆப்கானிய வீரர்' என்று ஒரு வரியில் வந்து போகின்றார்.